நாய்க்குக் கோதுமை ஆகவில்லையா? உறுதிசெய்துகொள்ள இருக்கும் ஒரே வழி

உங்கள் நாய் லாப்ரடார், நான்கு வயது. ஓராண்டாகக் காதும் பாதமும் ஓயாமல் அரிக்கின்றன. நக்கி நக்கிப் பாதத்து மயிர் செம்பழுப்பாகிவிட்டது. வாரத்தில் ஓரிரு நாள் மலம் இளகிப் போகிறது. நாய் உணவு வாங்கப் போன கடையில், இது குளூட்டன் ஒவ்வாமை, தானியமே இல்லாத உணவுக்கு மாற்றுங்கள் என்று சொல்லி, நீங்கள் வழக்கமாக வாங்குவதைவிட மூன்று மடங்கு விலையுள்ள பையைக் காட்டியிருக்கிறார்கள். சப்பாத்தியையும் பிஸ்கட்டையும் நிறுத்தினால் போதுமா, இதற்கு இரத்தப் பரிசோதனை உண்டா, அந்தப் பையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பையை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் நாயின் தொல்லைக்குக் காரணம் கோதுமைதானா என்று அறுதியிட்டுச் சொல்லும் இரத்தப் பரிசோதனை இல்லை. சப்பாத்தியை நிறுத்துவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் நிறுத்தினால் உண்மை தெரியாது. கோதுமை சில நாய்களுக்கு மெய்யாகவே ஆகாது. அப்படிப்பட்ட நாய்களைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் நாய் அவற்றில் ஒன்றா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. சந்தேகத்துக்குரிய எல்லாவற்றையும் முழுமையாக விலக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும், வீட்டில் எல்லாருடைய ஒத்துழைப்பும் வேண்டும்.

குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதம். மைதா மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து கரைந்து போய், கையில் இழுபடும் பசை ஒன்று மிஞ்சும். அதுதான் குளூட்டன். அதில் கிளையாடின், குளூட்டனின் என இரு பெரும் பகுதிகள் உண்டு. தொல்லை தருவதில் முன்னணியில் நிற்பது கிளையாடின். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதன் நெருங்கிய உறவுப் புரதங்கள் உள்ளன. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை ஆகியவற்றில் இந்தக் குளூட்டன் இல்லை. பெரும்பாலான நாய்கள் கோதுமைக் குளூட்டனை நன்றாகவே செரித்துக்கொள்கின்றன. வயிற்றுக் கோளாறுக்கென்று மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் சில உணவுகளிலேயே, எளிதில் செரிக்கும் புரதம் என்ற கணக்கில் கோதுமைக் குளூட்டன் சேர்க்கப்படுகிறது. இதைக் கேட்டுப் பலர் வியப்படைகிறார்கள். நாய்க்குக் குளூட்டன் நஞ்சு என்ற பேச்சு அவ்வளவு பரவியிருக்கிறது.

நாய்களில் குளூட்டன் நோய் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட முதல் இனம் ஐரிஷ் செட்டர். மினுமினுக்கும் செந்நிற மயிர் கொண்ட வேட்டை நாய். 1980களில் பிரிட்டனில் இந்த இனத்தின் ஒரு வம்சாவளியில், ஏறக்குறைய ஆறு மாத வயதில் குட்டிகள் எடை கூடாமல் மெலிவதையும், விட்டுவிட்டுப் பேதியாவதையும் ஆராய்ந்தார்கள். சிறுகுடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள், அதாவது குடலுறிஞ்சிகள், குட்டையாகித் தேய்ந்திருந்தன. கோதுமையை நிறுத்தினால் குடல் தேறியது. திரும்பக் கொடுத்தால் கெட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இது ஒரே மரபணு இடத்தைச் சார்ந்த ஒடுங்கு பண்பாக இறங்குகிறது என்று காட்டியது. தாய், தந்தை இரு பக்கமும் அந்தக் குறை வந்து சேர்ந்தால்தான் குட்டிக்கு நோய். குளூட்டனால் சிறுகுடல் கெடும் மனிதர்களின் சீலியாக் நோயோடு இது மிக ஒத்திருந்தாலும் முழுக்க ஒன்றல்ல. மனிதர்களில் அந்த நோய் நோய் எதிர்ப்பைச் சார்ந்த குறிப்பிட்ட மரபணு வகைகளோடு பிணைந்திருக்கிறது. ஐரிஷ் செட்டரில் அதற்கு இணையான மரபணுக்களைத் தேடியபோது அப்படிப்பட்ட பிணைப்பு தென்படவில்லை. குட்டிக்குத் தானியத்தைத் தாமதமாக அறிமுகம் செய்தால் நோயின் வளர்ச்சி மாறுபடுகிறது என்றும் கண்டார்கள். மரபு ஒரு பக்கம், ஊட்டும் காலம் இன்னொரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்துதான் நோயை வடிவமைக்கின்றன.

இரண்டாவது இனம் பார்டர் டெரியர். இந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். குளூட்டன் என்றதும் நாம் வயிற்றையும் தோலையும்தான் நினைக்கிறோம். இந்த நாய்களில் அது கை கால்களின் அசைவைக் கெடுக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று தள்ளாடி நிற்கும். ஒரு கால் மடங்கி மேலே இழுத்துக்கொள்ளும். உடல் நடுங்கும், தலை மெல்ல ஆடும், முதுகு வளையும். நடக்க முயன்று முடியாமல் தரையோடு தாழ்ந்துவிடும். சில நிமிடங்களில் தீரலாம், மணிக்கணக்கிலும் நீடிக்கலாம். பார்ப்பவர்கள் வலிப்பு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் நாய் நினைவோடு இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திருப்பும், உரிமையாளரிடம் வர முயலும். முடிந்த பிறகு வலிப்புக்குப் பின் வரும் குழப்பம் இல்லாமல் எழுந்து போய்விடும். நெடுங்காலம் இதை, நெதர்லாந்தில் இந்த நோய் கண்ட ஒரு நாயின் பெயரால், ஸ்பைக் நோய் என்று அழைத்துவந்தார்கள்.

2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் இப்படிப்பட்ட ஆறு பார்டர் டெரியர்களை எடுத்துக்கொண்டார்கள். குளூட்டன் நோயுள்ள மனிதர்களிடம் தேடும் அதே வகை எதிர்ப்பொருள்களை, அதாவது உடலின் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் புரதங்களை, இந்த நாய்களின் இரத்தத்தில் தேடியபோது, ஒரு வகை ஆறு நாய்களிலும், இன்னொரு வகை ஐந்து நாய்களிலும் உயர்ந்திருந்தது. எல்லாவற்றையும் குளூட்டன் இல்லாத உணவுக்கு மாற்றி, ஒன்பது மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். கண்டிப்பாகக் கடைப்பிடித்த ஐந்து நாய்கள் தேறின, இரத்தத்தில் எதிர்ப்பொருளும் இறங்கியது. ஆறாவது நாயிடம் மட்டும் எதிர்ப்பொருள் இறங்கவே இல்லை. விசாரித்தபோது, அது வெளியே போகும்போதெல்லாம் குதிரைச் சாணத்தைத் தின்றுவந்தது தெரிந்தது. அதையும் தடுத்துக் கண்டிப்பான உணவுக்குக் கொண்டுவந்தபின் அதுவும் தேறியது. ஆய்வு முடிந்தபின் இரண்டு நாய்களுக்குக் குளூட்டன் திரும்பக் கிடைத்தது. இரண்டுக்கும் நோய் திரும்பியது.

ஆறு நாய்கள் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நிறுத்தினால் தேறுவது, கொடுத்தால் திரும்புவது என்ற இரண்டும் அங்கே காட்டப்பட்டன. அந்தக் குதிரைச் சாணத்தை மறந்துவிடாதீர்கள். தட்டில் வைக்காத ஒன்று நாயின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தால், தட்டில் நீங்கள் காட்டும் கண்டிப்புக்குப் பலன் கிடைக்காது.

இனி உங்கள் லாப்ரடாருக்கு வருவோம். இந்த இரு இனங்களில் கண்ட நோய் லாப்ரடாருக்கு வழக்கமாகச் சொல்லப்படுவதில்லை. அதற்கு வாய்ப்புள்ளது வேறு வகை: உணவில் உள்ள ஏதோ ஒரு புரதத்தை உடலின் எதிர்ப்பு மண்டலம் எதிரியாகக் கொண்டு, தோலிலும் குடலிலும் அழற்சியைக் கிளப்புவது. இதில் கோதுமைக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் இடம் இல்லை. தோலில் உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களின் பதிவுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் மாட்டிறைச்சி ஆகாதவை 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13. அரிசி 2 சதவீதம்தான். அந்த நாய்களில் பெரும்பாலானவை மேலை நாடுகளில் வளர்ந்தவை என்பதால் நம் ஊருக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. நாய்க்கு எது பல காலம் ஊட்டப்படுகிறதோ அதற்குத்தான் பெரும்பாலும் ஒவ்வாமை வருகிறது. நம் வீட்டு நாய்கள் நாளும் தின்பது கோழியும் பாலும் தயிரும் முட்டையும். ஆகவே உங்கள் நாயின் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கோழியையும் பாலையும்தான். கோதுமை அதற்கு அடுத்து.

பலர் தடுமாறும் இடம் இதுதான். நம் வீடுகளில் கோதுமை தனியாக நாயின் வாய்க்குப் போவதே இல்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கிறோம். சப்பாத்தியைக் கோழிக் குழம்பில் பிய்த்துப் போடுகிறோம். குளுக்கோஸ் பிஸ்கட்டில் மைதாவோடு சர்க்கரையும் பால் பொருளும் எண்ணெயும் இருக்கின்றன. ரொட்டியை நிறுத்திய வீட்டில் பாலும் தானாக நின்றுபோகிறது. பத்து நாளில் மலம் கெட்டியானதும் கோதுமைதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. மலம் இளகுவதற்கு அதுவே போதும். அங்கே ஒவ்வாமையே இல்லாமலும் இருக்கலாம். குழம்பில் போகும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. சப்பாத்தி ஆகுமா ஆகாதா என்பது ஒருபுறம் இருக்கட்டும், குழம்பில் நனைத்த சப்பாத்தியை இன்றே நிறுத்திவிடுங்கள்.

உணவின் பக்கம் திரும்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. நம் ஊர் வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. ஒரு தெள்ளுக் கடியின் எச்சிலுக்கே பல நாள் அரித்துக்கொள்ளும் நாய்கள் இருக்கின்றன. மயிரைப் பிரித்துப் பார்த்தால் பூச்சி கண்ணில் படாது, மிளகுத்தூள் போன்ற அதன் கழிவு மட்டும் கிடக்கும். அதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினால் செம்பழுப்பாகக் கரையும், ஏனென்றால் அது செரித்த இரத்தம். லாப்ரடாரின் தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கி ஈஸ்ட் என்ற நுண்பூஞ்சை பெருகுவது மிக வழக்கம். காதைத் தூக்கியதும் புளித்த வாடை அடித்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பாதத்து மயிர் செம்பழுப்பானது எச்சிலில் உள்ள நிறமிகளால். நாய் ஓயாமல் நக்குகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. எதனால் நக்குகிறது என்பதை அதைக்கொண்டு சொல்ல முடியாது. தூசியில் வாழும் நுண்சிலந்திக்கும் பூஞ்சைக்கும் மகரந்தத்துக்கும் வரும் ஒவ்வாமையிலும் இதே காது, இதே பாதம்தான் அரிக்கும். சொறிப்பூச்சி உண்டா என்று தோலைச் சுரண்டிப் பார்ப்பதும், குடற்புழுவுக்கும் ஜியார்டியா என்ற நுண்ணிய குடல் ஒட்டுண்ணிக்கும் மலத்தைப் பரிசோதிப்பதும் சிறு செலவில் முடிபவை. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு நேரே உணவை மாற்றுவது காலத்தை வீணாக்கும்.

ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காக ஒன்று. ஒரு நாய் பசி பசி என்று அலைந்து, வைத்ததை எல்லாம் தின்று, நாளுக்கு நாள் எலும்பாகிக்கொண்டே போனால், மலம் வெளிறிக் குவியல் குவியலாக எண்ணெய்ப் பசையோடு வந்தால், கோதுமையை நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கணையம் செரிமான நொதியைச் சுரக்காமல் போகும் நோய் இந்த இனத்தில் அதிகம். அதற்கென்று தெளிவான இரத்தப் பரிசோதனை இருக்கிறது. உணவோடு நொதிப்பொடி கலந்து கொடுத்தால் நாய் பல ஆண்டு நன்றாக வாழும். குளூட்டன் என்று நினைத்து அரிசிக்கு மாற்றி, மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, எழுந்து நிற்க வலுவில்லாத நிலையில் தூக்கிக்கொண்டு வந்த நாயைப் பார்த்திருக்கிறேன். தொடையில் சதையே இல்லை. ஆனால் கிண்ணத்தின் ஓசை கேட்டதும் தலையைத் தூக்கியது. அந்த மாதங்கள் அந்த நாய்க்கு வேண்டாத துன்பம்.

பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்ன எதிர்ப்பொருள் சோதனைகள் பார்டர் டெரியரின் அந்த நோயில் பயன்பட்டன. அரிக்கும் லாப்ரடாருக்கு அவற்றை வைத்து முடிவெடுக்க முடியாது. எச்சிலையும் மயிரையும் தபாலில் அனுப்பினால் இருபது முப்பது உணவுகளின் ஒவ்வாமைப் பட்டியல் தருகிறோம் என்று விற்கப்படும் சோதனைகளை அடியோடு தவிர்த்துவிடுங்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட ஒரு சோதனைக்கு உண்மையான நாய்களின் மாதிரிகளோடு, பொம்மையின் செயற்கை மயிரையும் உப்புநீரையும் சேர்த்து அனுப்பினார்கள். பொம்மைக்கும் ஒவ்வாமை இருப்பதாகவே முடிவு வந்தது. இரத்தத்தில் பார்க்கும் உணவு ஒவ்வாமைச் சோதனைகளும் நலமான நாய்க்கு நோய் இருப்பதாகவும், நோயுள்ள நாய்க்கு இல்லை என்றும் அடிக்கடி காட்டுகின்றன. அந்தப் பணத்தை வைத்திருங்கள். நல்ல தோல் பரிசோதனைக்கு ஆகும்.

சரி, பூச்சியும் ஈஸ்டும் கவனிக்கப்பட்டு, அரிப்பு இன்னும் போகவில்லை என்றால், விலக்கு உணவு முறைக்கு வரலாம். உங்கள் நாய் இதுவரை தின்னாத ஒரு புரதம், தின்னாத அல்லது மிகக் குறைவாகத் தொல்லை தரும் ஒரு மாவுப்பொருள், இவை இரண்டு மட்டும். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. முதல் வேலை, பிறந்ததிலிருந்து அது தின்றவை எல்லாவற்றையும் எழுதுவது. பாட்டி கொடுத்த ரஸ்க், எதிர்வீட்டார் கொடுக்கும் முறுக்கு, மாத்திரையை மறைத்துக் கொடுக்கும் வாழைப்பழம் எல்லாம் எழுதுங்கள். கோழி தின்ற நாய்க்குக் காடை சரியான மாற்று அல்ல, இரண்டும் நெருங்கிய உறவுப் பறவைகள். மாட்டுப்பால் தின்று வளர்ந்த நாய்க்கு ஆட்டிறைச்சியும் ஐயத்துக்குரியதே. முயல் இறைச்சி கிடைக்கும் ஊரில் இருந்தால் நல்லது. மீன் பழக்கமில்லாத நாயாக இருந்தால் முள் நீக்கிய ஒரே வகை மீன் போதும். மாவுப்பொருளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பொருத்தமானது. நன்றாக வேகவைத்த மரவள்ளியும் ஆகும். பச்சையாக ஒருபோதும் கூடாது, அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இதுவரை அரிசிச் சோறு தின்றிருந்தால் அரிசியையும் விலக்கிவிடுவதே தூய்மையான சோதனை. வீட்டுச் சமையல் ஒத்துவராது என்றால், பெரும்பாலும் ஒவ்வாமையைத் தூண்டாத அளவுக்குப் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு மருத்துவரின் சீட்டோடு கிடைக்கும். அது விலை கூடியதுதான், ஆனால் சோதனை முடியும் வரைக்கும்தான்.

உப்பில்லாமல், எண்ணெய் மசாலா இல்லாமல், தனிப் பாத்திரத்தில் வேகவையுங்கள். குழம்பு கிளறிய கரண்டியை அதில் விடாதீர்கள். பழைய உணவுக் கிண்ணத்தைக் கழுவுவதைவிடப் புதிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று எடுத்துக்கொள்வது எளிது. புதிய உணவுக்கு நான்கைந்து நாளில் மெல்ல மாற்றுங்கள். நாள்தோறும் அரிப்புக்கு ஒன்று முதல் பத்து வரை ஒரு மதிப்பெண், மலம் எப்படி என்று ஒரு வரி, நாட்காட்டியில் எழுதிவாருங்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நினைவை நம்ப முடியாது.

எத்தனை நாள் என்றால், குடல் தொல்லைக்கு இரண்டு வாரத்திலேயே விடை தெரியத் தொடங்கும். தோலுக்குப் பொறுமை வேண்டும். உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் ஐந்து வாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதமும், எட்டு வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேலும் தேறிவிடுகின்றன. ஆகவே எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் அரிப்பு தாங்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால், தேறியது உணவாலா ஊசியாலா என்று சொல்ல முடியாது. தேவைப்பட்டால் எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்று மருத்துவரோடு பேசி முன்கூட்டியே திட்டமிடுங்கள். உண்ணிக்கும் புழுவுக்கும் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளில் இறைச்சிச் சுவை சேர்க்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் முதுகில் விடும் சொட்டுமருந்துக்கு மாறிக்கொள்ளலாம். நாய்ப் பற்பசையும் அப்படியே. கீழே விழும் பிஸ்கட் துண்டுக்குக் காத்திருக்கும் நாய் வீட்டில் உண்டு என்பதைக் குழந்தைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். நடக்கக் கூட்டிச் செல்லும்போது குப்பைத்தொட்டிக்கும் சாணத்துக்கும் வாய் போகாமல் வாரைக் குறுக்கிப் பிடியுங்கள்.

எட்டு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால் உணவு காரணமில்லை என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். பிறகு சூழல் ஒவ்வாமைக்கான சிகிச்சைக்குப் போக வேண்டும். தேறிவிட்டது என்றால்? பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நாய் நன்றாக இருக்கிறது, ஏன் கிளற வேண்டும் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் திரும்பக் கொடுத்துப் பார்க்காத வரை எதுவும் உறுதியாகவில்லை. மழைக்காலம் முடிந்ததால் தேறியிருக்கலாம், உண்ணி மருந்தால் தேறியிருக்கலாம். பழைய உணவையே அப்படியே திரும்பக் கொடுங்கள். உணவுதான் காரணம் என்றால் சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும். திரும்பியதும் நிறுத்தி, மறுபடி விலக்கு உணவில் அமைதியான பிறகு, ஒவ்வொரு பொருளாகச் சேர்க்க வேண்டும். கோழிக்கு இரண்டு வாரம். பிறகு பாலுக்கு. பிறகு கோதுமைக்கு. கோதுமையைச் சோதிக்கும்போது மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, எண்ணெய் தடவாமல் சுட்ட சப்பாத்தி கொடுங்கள். கடை ரொட்டி வேண்டாம், அதில் பாலும் சோயாவும் வேறு பலவும் கலந்திருக்கும். வெறும் சப்பாத்திக்கு அரிப்பு திரும்பி, நிறுத்தியதும் அடங்கினால், உங்கள் நாய்க்குக் கோதுமை ஆகாது. அப்போதுகூட குற்றவாளி குளூட்டன்தானா, கோதுமையின் வேறு புரதமா என்று இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. கோதுமையை நிறுத்துவதற்கு அந்த விவரம் தேவையும் இல்லை.

குட்டிகளுக்கும் சினையாக உள்ள நாய்களுக்கும் இந்த இரு பொருள் உணவை நீங்களாகவே தொடங்காதீர்கள். அதில் கால்சியமும் பிற சத்துகளும் போதாது. வளரும் எலும்பு கெட்டுவிடும். வளர்ந்த நாய் இரண்டு மாதம் தாங்கும். அதற்கு மேல் வீட்டு உணவையே நிரந்தரமாக்குவதானால், சத்துக் கணக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அளவும் சேர்மானமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடை இறங்குவது, மலத்தில் இரத்தம், வயிறு நீர்கோத்து உப்புவது, விடாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இனி அந்தப் பை. தானியம் இல்லாதது என்று எழுதியிருப்பதும் குளூட்டன் இல்லாதது என்பதும் வேறு வேறு. அரிசி உணவில் தானியம் உண்டு, குளூட்டன் இல்லை. அந்தப் பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோதுமைக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் இருக்கும், முதலிடத்தில் பெரும்பாலும் கோழி இருக்கும். உங்கள் நாய்க்குக் கோழிதான் ஆகவில்லை என்றால், மூன்று மடங்கு விலை கொடுத்து அதே தொல்லையை வாங்கி வருகிறீர்கள்.

தானியத்தின் மேல் இந்த வெறுப்பு வளர்ந்ததற்கு ஒரு வரலாறும் உண்டு. 2007இல் அமெரிக்காவில் நாய், பூனை உணவுகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைக் குளூட்டனில், புரத அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்ட மெலமைன் என்ற இரசாயனம் கலக்கப்பட்டிருந்தது. சிறுநீரகம் செயலிழந்து பல விலங்குகள் இறந்தன. கொன்றது கலப்படம், ஆனால் செய்திகளில் குளூட்டன் என்ற பெயரும் கூடவே ஓடியது. அச்சமடைந்த மக்களுக்குத் தானியமற்ற உணவு பாதுகாப்பானதாகத் தோன்றியது. பத்து ஆண்டு கழித்து அதே பைகள் வேறு விதத்தில் செய்தியாயின. நாய்களில் இதயம் விரிந்து தசை வலுவிழக்கும் நோய்க்கும், பட்டாணியும் பருப்பும் மிகுந்த தானியமற்ற உணவுகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் அறிவித்து விசாரணையைத் தொடங்கியது. அந்த நோய் மரபாக அதிகம் வராத கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களிலிருந்தும் புகார்கள் வந்திருந்தன. காரணகாரியம் நிறுவப்படவில்லை, 2022 டிசம்பரில், புதிய அறிவியல் செய்தி கிடைக்கும் வரை மேலும் அறிக்கை வெளியிடுவதில்லை என்று அந்த நிர்வாகம் நிறுத்திக்கொண்டது. ஐயம் தீராத ஒன்றை, தேவை நிரூபிக்கப்படாத நாய்க்கு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

ஓநாயின் வழிவந்த விலங்குக்குத் தானியம் எதற்கு என்ற வாதத்தையும் கடையில் சொல்லியிருப்பார்கள். 2013இல் நாயின் மரபணுத் தொகுதியை ஓநாயோடு ஒப்பிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதி மட்டும் இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது பிரதிவரை இருப்பதைக் காட்டியது. மனிதன் அடுப்பருகே ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்ந்த விலங்கு அது. நம் கிராமத்து வேட்டை நாய்களும் காவல் நாய்களும் கம்பங்கூழிலும் கேழ்வரகுக் களியிலும்தான் வளர்ந்தன.

ஒருவேளை சோதனையின் முடிவில் கோதுமைதான் என்று தெளிவானால், விலக்குவது நம் ஊரில் கடினமில்லை. அரிசியும் கேழ்வரகும் கம்பும் கையருகே இருக்கின்றன. மறைந்து வருபவற்றைத்தான் கவனிக்க வேண்டும். ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமையே. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லாவிட்டாலும் ஆலையில் கோதுமைத் தூள் கலந்துவிடும். சத்துமாவுப் பொடிகள் பலவற்றில் கோதுமையும் பார்லியும் சேர்ந்திருக்கும். கடையில் வாங்கும் கட்டிப் பெருங்காயத்திலும் தூள் பெருங்காயத்திலும் கோதுமை மாவோ மைதாவோ கலப்பதுண்டு, டப்பாவின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இரசச் சோறு தின்னும் நாய்களுக்கு அது பொருட்படுத்த வேண்டிய விஷயம். நாய் பிஸ்கட்டுகளிலும் மெல்லும் குச்சிகளிலும் கோதுமை மாவுதான் பெரும்பாலும் அடிப்படை. அவற்றுக்குப் பதிலாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி அவித்து, வெயிலில் சுண்டக் காயவைத்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். லாப்ரடார் அதையும் பிஸ்கட்டைப் போலவே விரும்பித் தின்னும்.

வரும் வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் போகும்போது நாட்காட்டியையும், அது தின்ற பொருள்களின் பட்டியலையும், பையின் பின்பக்கத்துப் புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். காதிலிருந்து துடைத்து எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஈஸ்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இரண்டு நாள் காதில் மருந்து எதுவும் விடாதீர்கள்.